சிலுவை போட்டு எழுந்தவர்

வில்பட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு நாற்பத்திரண்டு படிகள். கணவர் ஞானப்பிரகாசம் இறந்த இரண்டு வருடங்களில் சூசையம்மாள் அவற்றில் ஏறியது ஒரே முறை. அடக்கத்தன்று, இருவர் தாங்கிப் பிடித்து. அதன்பின் நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி என்று சொன்னார். வலி கொஞ்சம்தான். எழுந்து போக ஓர் இடம் இல்லாததே பெரிது.

கல்லறைத் திருநாளில் இரண்டு வருடமும் அவர் கணவருக்கு மெழுகுதிரி ஏற்றியது ஜூலியட். ஞானப்பிரகாசம் பள்ளி விடுதியில் சமைத்தபோது கூடவே காய் நறுக்கியவர். அறுபத்தாறு வயதிலும் விறுவிறுவென்று நடப்பார்.

"அண்ணனுக்கு ரெண்டு திரி வச்சிட்டேன், அக்கா. சாமந்தியும் வச்சேன்" என்று திரும்பும் வழியில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம். சூசையம்மாளுக்குச் சோறு இறங்காது. முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் கீழே. வெங்காயம் உரித்தவள் மேலே.

செப்டம்பரில் பங்குக் கோயில் மண்டபத்தில் முதியோருக்கான உடற்பயிற்சி வகுப்பு தொடங்கியது. செவ்வாய், வெள்ளி, காலை பத்து மணி. கூப்பிட வந்தவர்களிடம் முடியாது என்றார். ஜூலியட் பெயர் கொடுத்துவிட்டாள் என்று காதில் விழுந்ததும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் நாளே சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலி, முப்பது விநாடி. எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பதுதான் அளவு. பழனியிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் புவனா, யாரும் கையை ஊன்றிவிடக் கூடாதென்று, "சிலுவை போட்டுக்கிட்டு எந்திரிங்கம்மா" என்றார்.

ஜூலியட் பதிமூன்று. சூசையம்மாள் நான்கு.

அடுத்த நான்கு வாரமும் ஒரு வகுப்பை விடவில்லை. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தினார், தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார். வீட்டில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஐந்தாம் வாரம் மறுசோதனை. ஜூலியட் பதினைந்து. சூசையம்மாள் ஐந்து.

புவனா கடிகாரத்தைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு தடவையும் என்னம்மா பண்றீங்க?"

"நீதானம்மா சிலுவை போடச் சொன்ன."

நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள், கடைசியில் ஆமென். ஒவ்வொரு முறை எழும்போதும் ஏறத்தாழ மூன்று விநாடி அதற்கே போயிருந்தது. புவனா சொன்னது கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொள்ள. மண்டபம் சிரித்து அடங்க நேரமானது.

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன், அக்கா" என்றார் ஜூலியட். சூசையம்மாள் அதை நம்பவில்லை.

இளைப்பாறிவிட்டு, கையைக் குறுக்கே கட்டி, மறுபடி எழுந்தார். ஒன்பது. எல்லோரும் கைதட்டினார்கள். இன்னும் ஆறு குறைகிறது என்றுதான் அவருக்குப் பட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி, ஜூலியட்டுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வெள்ளனே புறப்பட்டார். முப்பதாவது படியில் கால் நடுங்கியது. உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே சாமந்திப் பையோடு ஜூலியட் வந்து நின்று கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோங்க, அக்கா."

சூசையம்மாள் பிடிக்கவில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்தார். மிச்சம் பன்னிரண்டு படியும் ஜூலியட் முந்தாமல் பின்னாலேயே வந்தார்.

கல்லறையின் தலைமாட்டில் சூசையம்மாள் முதல் திரியை நட்டார். அப்போதுதான் தெரிந்தது, தீப்பெட்டி அடுப்படியிலேயே கிடக்கிறது என்று. ஜூலியட் தன் திரியை நட்டுப் பற்றவைத்தார், நடுவில் சாமந்தியை வைத்தார்.

"உன் திரியை இங்கிட்டுக் கொஞ்சம் சாய்" என்றார் சூசையம்மாள்.

ஜூலியட் திரியைப் பிடுங்கிச் சாய்த்தார். பற்றிக்கொண்டது. சூசையம்மாள் நிதானமாக, ஒரு விநாடிகூடக் குறைக்காமல், சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து சாமந்தியை ஒரு சாண் கால்மாட்டுப் பக்கம் நகர்த்தி வைத்தார்.