காற்று நின்ற பிறகு

மகள் புது கன்சோலில் விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பாழடைந்த ஊர். கொடிகளில் நீளநீளமான வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடின.

"இழைகூடத் தெரியுது பாருங்கம்மா. பழைய கன்சோல்ல துணியெல்லாம் அட்டையாட்டம் நிக்கும்" என்றாள்.

எனக்குச் சலவைப்பட்டறையின் பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறியது. நான் சின்னவளாக இருந்தபோது அங்கே என் அம்மா துணி காயப்போடும் வேலை பார்த்தாள். பனியன் துணி குழாயாகத்தான் பின்னி வரும். கட்டித் தொங்கவிட்டால் உள்ளே காற்று புகுந்து, தலையில்லாத ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல் உப்பும்.

ஒரு மத்தியானம் காற்று நின்றுவிட்டது. எல்லாத் துணியும் சப்பையாகத் தொங்கியது. ஒன்று மட்டும் உப்பியே இருந்தது. அம்மாதான் உள்ளே ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்து, கட்டிக்கொள்ளப் போனேன்.

"கண்ணு, அங்க யாருகிட்டப் போற?"

அம்மாவின் குரல் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "திரும்பிப் பாக்காத, வா."

வீடு வரும்வரை அவள் என் கையை விடவில்லை. அதுக்கப்புறம் அந்த வேலைக்கு அவள் போகவே இல்லை.

திரையிலும் காற்று நின்றது. துணிகள் எல்லாம் அடங்கின, ஒன்றைத் தவிர.

"கிராபிக்ஸ் சொதப்புதுங்கம்மா" என்று மகள் சிரித்தாள். "கிட்டப் போய்ப் பாக்கறேன்."

"போகாத கண்ணு" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் அதற்குள் பொத்தானை அழுத்தியிருந்தாள்.