ரோசல் சாடியில் ஒரு துண்டுப் பாண்

மெல்பேர்னின் கோல்ஃபீல்டில், பெய்லாவின் வீட்டோடு தங்கி அவரைக் கவனிக்க ரம்லா வந்து மூன்று வருடம். பெய்லா எண்பத்தெட்டு வயது யூதக் கிழவி. கோபத்தில் யூதர்களின் இத்திஷ் மொழி பேசுவார், கோபம் தணிந்தால் ஆங்கிலம். அந்த ஆங்கிலம் ரம்லாவின் காதில் தன் ஊரான அக்கரைப்பற்றின் தமிழாகவே விழும். பெய்லாவின் மகன் ஹெர்ஷலின் பராமரிப்புக் கம்பெனிதான் ரம்லாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தது. கம்பெனி கைவிட்டால் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டியதுதான். கைவிடாவிட்டால், நிரந்தர வதிவிடம் கிடைத்து ஊரிலிருக்கும் மகள் நுஹாவைக் கூப்பிடலாம். அதுவரை ஆப்பிழுத்த குரங்கின் கதைதான். பூட்டாத வீட்டிலும் ஆளை அடைத்து வைக்கலாம் என்பதை ரம்லாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

"உம்மா, எப்ப வாறீங்க?" என்று நுஹா போனில் கேட்பதைக்கூட இப்போது நிறுத்திவிட்டாள்.

கிழவியின் குசினியில் எப்போதும் ஏதாவது ஊறிக்கொண்டிருக்கும். ரம்லா இருமினால் முட்டை மஞ்சட்கருவையும் தேனையும் சுடுபாலில் அடித்து கோகல்மோகல் என்று நீட்டுவார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். இருமல் நிற்கும், முட்டை நாற்றம் நிற்காது. யன்னலோரத்தில் செரிப்பழமும் சீனியும் ஊறி மதுவாகும் போத்தலை மட்டும் அவளைத் தொட விடமாட்டார்.

"அது உனக்கு ஹராம்," என்று நடுங்கும் கையால் தானே தூக்கி வைப்பார்.

யூதர்களின் பெசாக் பண்டிகைக்கு நாலு கிழமை முன்பு பீட்ரூட்டை வெட்டி, தண்ணீர் ஊற்றி, மண் சாடியில் புளிக்க வைப்பார்கள். அந்தப் புளிச்சாறுதான் ரோசல். நுரை எடுப்பது ரம்லாவின் வேலை. இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது. பதினைந்து நாளாகியும் சாடி அசையவில்லை. ஊரில் அப்ப மா புளிக்காவிட்டால் உம்மா என்ன செய்வார்? ரம்லாவும் அதையே செய்தாள். ஒரு துண்டுப் பாணைப் பிய்த்துப் போட்டாள். இரண்டே நாளில் சாடி பொங்கியது. பெருமையாகப் போய்ச் சொன்னாள்.

பெய்லாவின் முகம் வெளுத்தது. பெசாக்குக்குப் பாண், புளித்த மா எதுவும் அறவே விலக்கு. வருடா வருடம் அலுமாரிகளில் பாண் துகள் தேடித் துடைத்தவளே ரம்லாதான். பண்டிகையின் எட்டு நாளில்தான் தின்னக்கூடாது, அதற்கு முன்னால் என்ன என்று நினைத்துவிட்டாள். தனக்கு விலக்கானதைத் தொடவே விடாத மனுஷிக்கு, விலக்கானதைக் குடிக்கக் கொடுக்கப் பார்த்தோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

"ஹெர்ஷலுக்குச் சொல்லாத. உன்ன அனுப்பிப் போடுவான். நான் மறந்துட்டன் எண்டு சொல்லுறன்," என்றார் பெய்லா. ரோசலைச் சாடியோடு சேர்த்துக் குப்பையில் போட்டார்கள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் ஹெர்ஷல் வந்தார். ரோசல் எங்கே என்று கேட்டார்.

"மறந்துட்டன்," என்றார் பெய்லா.

ஹெர்ஷல் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "ஐம்பது வருசமா நீங்க இத மறந்ததில்ல, அம்மா."

பையில் எப்போதோ தயாராக வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, நினைவு தப்பியவர்களுக்கான முதியோர் விடுதியின் படிவம். மற்றது, ரம்லாவின் நிரந்தர வதிவிடத்துக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய விசாக் கடிதம்.

"நீங்க பயப்பட வேணாம், ரம்லா. உங்களுக்கு வேற வீடு தாறன். இப்பவே சைன் வைக்கிறன்."

பெய்லா கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பலாம். சொல்லவில்லை. ரம்லாவுக்குக் கிழவி மேலேயே ஆத்திரம் வந்தது. இவ்வளவு நல்லவளாக இருக்கச் சொல்லி இவரை யார் கேட்டது? நுஹாவை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பேனா தாளைத் தொட்டது.

"அன்ரி மறக்கல்ல, சேர். நான்தான் சாடிக்குள்ள பாண் போட்டன். என்னக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னாங்க."

ஹெர்ஷல் தாயைப் பார்த்தார். தாய் தலை குனிந்துகொண்டார். ஹெர்ஷல் விடுதிப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கையெழுத்திடாத விசாக் கடிதத்தையும் அதே பைக்குள் வைத்தார்.

"பண்டிகை முடியட்டும், யோசிப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மடச்சி, நீ தப்பியிருப்பாய்," என்றார் பெய்லா.

"ஓம். நீங்க?"

கிழவி எழுந்தார். ரம்லாவுக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றினார். பிறகு தனக்கென்று செரிப் போத்தலை எட்டினார். போத்தல் கையில் சரிந்தது. பிடிக்கலாமென்று ரம்லா கையை நீட்டினாள்.

"உனக்கு ஹராம்," என்று சொல்லி, பெய்லா தானே தூக்கினார்.