பச்சைப் பட்டைக்கு எடுத்த குறிப்புகள்

நேற்றுக் காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி. ‘உங்களைக் காணாமல் வாடுகிறோம், திரும்பி வாருங்கள், பாதி விலைதான்’ என்று ஒரு குறிப்பெடுக்கும் செயலி கொஞ்சிக் குழைகிறது. காபி கசந்துவிட்டது. அந்தச் சனியனை எங்கள் கல்லூரி எப்படித் தேர்ந்தெடுத்தது என்று உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஏற்காட்டில் ஒரு ஓட்டலின் கூட்ட அறை. ரூம் ஸ்ப்ரேயும் நெய்யும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் நான் இன்றும் எழுந்து வெளியே போய்விடுவேன். அது அந்த நாளின் வாசனை. செயலிக் கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு திரையில் படம் காட்டினார். ஆராய்ச்சிக்குக் குறிப்பெடுக்க மாணவர்களுக்கு எந்தச் செயலியைச் சொல்லித்தரலாம் என்று முடிவு செய்யத்தான் ஆசிரியர்கள் நாங்கள் கூடியிருந்தோம். குறிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "மஞ்சக்குட்டை மாதிரி மலையூருல சிக்னலே கெடைக்காதுங்களே?" என்று நான் ஒருத்திதான் கேட்டேன். கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

துறைத் தலைவரின் கண் வேறெங்கோ இருந்தது. திரையில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கு எதிரேயும் ஒரு பட்டை. எடுத்த குறிப்புகளின் எண்ணிக்கை குறைந்தால் சிவப்பு, கூடினால் பச்சை. "ஏனுங்க, இத என்ர போன்லயே பாத்துக்கலாமுங்களா?" என்றார். பார்க்கலாம் என்றதும் செயலித் தேர்வு முடிந்தது. பிறகு கேசரி வந்தது. நானும் இரண்டாவது தரம் கேட்டு வாங்கித் தின்றேன், அது வேறு விஷயம்.

பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சீக்கிரமே ஒன்றைத் தவிர எல்லாப் பட்டையும் பச்சை. உள்ளே போய்ப் பார்த்தால் ‘பஸ் வரவில்லை’, ‘பசிக்கிறது’, ‘ஏரியில் கூட்டம்’. தலைவர் அந்தப் பச்சையைக் கூட்டத்துக்குக் கூட்டம் காட்டிப் பூரித்துப்போனார். கருமம்.

செல்வி மட்டும் நிஜமாகவே எழுதினாள். மஞ்சக்குட்டைப் பெண். வற்றிப்போன ஊற்றுகளைப் பற்றியது அவள் ஆய்வு. எந்த ஊற்றில் யார் முதலில் தண்ணீர் எடுப்பது, யாரை எடுக்க விடவில்லை, அதனால் எந்த வீட்டோடு பேச்சு நின்றது என்று அவள் பெரியம்மா அழுதுகொண்டே சொன்னதை அப்படியே போனில் அந்தச் செயலியில் மட்டுமே எழுதினாள். அதை ஏற்ற, சிக்னல் கிடைக்கும் இடம்வரை ஜீப்பில் தொத்திக்கொண்டு போவாள். எவ்வளவு நீளமாக எழுதினாலும் செயலிக்கு அது ஒரு குறிப்புதான். பட்டை சிவப்பாகவே கிடந்தது. "சோம்பேறி" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் தலைவரிடம் திட்டு வாங்கினாள்.

இலவசக் காலம் முடிந்தது. கல்லூரி பணம் கட்டவில்லை. கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில், செல்வியின் குறிப்புகளுக்குச் செயலி தானாக எழுதிய சுருக்கம் மட்டும் வந்தது: ‘மலைமக்கள் நீரின் அருமையை உணர்ந்து ஒற்றுமையாக வாழ்ந்தனர்.’ ஒற்றுமையாக!

செல்வி மறுபடி பெரியம்மாவிடம் போனாள். "அன்னிக்கு என்னமோ மனசு வந்து சொல்லிப்போட்டன் கண்ணு. இன்னொருக்கா என்ர வாயில வராது" என்று அந்த அம்மாள் எழுந்து போய்விட்டாராம்.

வேறு வழியில்லாமல் அந்தச் சுருக்கத்தையே இழுத்து நீட்டி எழுதிக் கொடுத்தாள். தலைவர் அதற்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டார். மேற்கொண்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேரச் சொல்லி நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இருந்த காது வேறு யாருக்கும் இல்லை.

"வேண்டாமுங்க மேடம். அவிங்க அழுது சொன்னதத் தொலச்சுப்போட்டு, இன்னொருத்தரு ஊட்டுக்குப் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறதுங்க?"

செல்வி இப்போது சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மஞ்சக்குட்டையில் அந்த ஊற்றுகள் இல்லை. தண்ணீர் எடுக்க யாரை விடவில்லை என்று அந்த வீடுகளில் போய்க் கேட்கவும் இனி ஆள் இல்லை.