காக்கி லீமாவில் ஒரு சிரிப்பு

கோலாசிலாங்கூர் டவுனில் பழைய கடைவீடு ஒன்றைக் காப்பிக்கடையாக மாற்றி, சுவரெல்லாம் நடைபாதைப் படங்களை மாட்டியிருந்தார்கள். பூக் கட்டும் கை, தூணில் சாய்ந்து தூங்கும் வங்காளதேசத்துத் தொழிலாளி, மழைக்கு ஒதுங்கிய பள்ளிப் பிள்ளைகள். நான் உள்ளே போனது ஐஸ் காப்பிக்காக. கடைசிப் படத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். கீழே ‘புன்னகை’ என்று தலைப்பு.

அப்பா சிரித்துப் படம் எடுத்ததே கிடையாது. அடையாள அட்டையில்கூட யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி முறைப்பார். இந்தப் படத்தில் வாயின் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது, மறுபக்கம் தொங்கியது. போட்டிருந்தது, ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த அதே கட்டம்போட்ட சட்டை.

தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்த பிறகு, அப்பா தினமும் காலையில் புக்கிட் ரோத்தானில் பஸ் ஏறி டவுனுக்கு வருவார். கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையான காக்கி லீமாவில் ஒரு தேத்தண்ணியோடு உட்காருவார். போன வருஷம் ஒரு நாள் அங்கேயே சரிந்து விழுந்தார். எங்களுக்குப் போன் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாமாம். எங்களுக்கு என்ன தெரியும்? மூன்றாம் நாள் போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு.

“வீட்டுலயே வந்திருக்கும் லா. சண்ட போட்டுட்டுப் பசியாறாம போனாரு. நான் அவரு மூஞ்சிய நிமிந்து பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் இதுதான். பாதிச் சோறு அப்படியே கிடக்கும்.

படம் எடுத்த பையன் கடையில்தான் இருந்தான். தமிழ்ப் பையன். “பிடிச்சிருக்காக்கா?” என்றான். இவரை வேறு படம் எடுத்தாயா என்று கேட்டேன். சந்தோஷமாகப் போனைத் திறந்தான்.

“நெறைய எடுத்தேன்க்கா. மொதல்ல அங்கிள் சும்மா உக்காந்திருந்தாரு, போரிங். கொஞ்ச நேரம் வெய்ட் பண்ணேன், இந்த ஸ்மைல் கெடச்சுச்சு. லைட்டும் சூப்பர்.”

முதல் படத்தில் அப்பாவின் வாய் நேராக இருந்தது. கையில் தேத்தண்ணிக் கிளாஸ், முகத்தில் வழக்கமான முறைப்பு. பின்னால் நகைக்கடையின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. காலையில் கடை திறக்கிற நேரம். சிரிக்கிற படத்திலும் கதவு அதே பாதியில்தான் நின்றது. அப்படியானால் மத்தியானம் வரைக்கும் அந்த வாயோடு உட்கார்ந்திருக்கிறார். ஊர் முழுக்க அவரைத் தாண்டிப் போயிருக்கிறது.

“அது சிரிப்பில்ல தம்பி. ஸ்ட்ரோக்கு. அவரு எங்கப்பா.”

பையனின் முகம் வெளுத்துவிட்டது. “சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா.”

உண்மையைத்தான் சொன்னான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கன்னத்தில் ஒன்று வைக்கக் கை துடித்தது. முதல் படத்தை மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அன்று காலையில் எடுத்தது என்று சொல்லி, வீட்டில் போனை நீட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“வாய் நல்லாத்தான் இருக்கு. கிளாஸையும் நல்லாத்தான் புடிச்சிருக்காரு. அப்ப வீட்டுல வரல.”

சத்தம் போட்டு அழுதார். பிறகு முகம் கழுவி, மீன்குழம்பு ஊற்றி, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை காய்கிற வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

“படம் எடுத்த பையன் இன்னும் கொஞ்ச நேரம் அங்க இருந்திருந்தா, அவரு மூஞ்சியப் பாத்திருப்பான்ல?”

“ஆமாம்மா,” என்றேன். “ஒரு படம்தான் எடுத்தானாம். ஒடனே போயிட்டானாம்.”