வான்கோழிக் கதை

அந்தத் தெருவில் அவரைப் பல் டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை. கதை டாக்டர் என்பார்கள். மருந்துக் கடைக்கு மேலே, ஒற்றை நாற்காலி போட்ட சின்ன கிளினிக். ஊசி போடும் முன் ஈறைப் பஞ்சால் ஒற்றி ஈரம் போகத் துடைப்பார். மரத்துப்போக வைக்கும் ஜெல்லைத் தடவிப் பஞ்சு வைப்பார். அப்புறம் ஊசியைத் தொடவே மாட்டார், கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். கதை முடிவதற்குள் ஈறு மரத்திருக்கும். வளவளவென்று பேசுகிற டாக்டர் என்று புதிதாக வருபவர்கள் முணுமுணுப்பதுண்டு. பேசாவிட்டால் தன் கை அவசரப்பட்டுவிடும் என்பது அவருக்கல்லவா தெரியும்!

சொல்வதெல்லாம் அண்ணன் கதைதான். அதிலும் வான்கோழி துரத்தி அண்ணன் தலைதெறிக்க ஓடிய கதைக்குக் கிராக்கி அதிகம்.

ஊரே வந்து உட்காரும் நாற்காலியில் அந்த அண்ணன் மட்டும் உட்கார்ந்ததில்லை. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு ஊசி என்றால் உதறல். சொத்தைப் பல்லைக் கிராம்பு வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தார். சொந்தத் தங்கையின் கையை நம்பவில்லையே என்று டாக்டருக்கு உள்ளுக்குள் வருத்தம்.

கன்னம் வீங்கிய பிறகு அண்ணிதான் கையோடு இழுத்து வந்தார்.

"மாத்திரை குடு பாப்பா, போயிடறேன்."

"மாத்திரைக்கு அடங்காதுண்ணா. சீழ் வெச்சிருக்கு. இப்பவும் எழுந்து போனா தாடைக்கு இறங்கிடும்."

ஈறைத் துடைத்து, ஜெல் தடவி, பஞ்சு வைத்தாயிற்று. இனி கதை. ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் அதில் வருகிறவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். டாக்டருக்கு வாயே வரவில்லை. அந்த அமைதியில் அண்ணன் மெல்ல ஒரு காலைத் தரையில் ஊன்றினார். அண்ணி அவர் தோளை அழுத்திப் பிடித்தார்.

"ஏன் சும்மா நிக்கறே? வான்கோழிக் கதையைச் சொல்லேன்" என்றார் அண்ணன், பஞ்சோடு குழறி. "பஸ்ல ஏறறவங்க எல்லாம் வான்கோழி சௌக்கியமான்னுதான் கேக்கறாங்க."

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. "அந்தக் கோபத்துலதான் நீ வரலையா?"

"சேச்சே, ஊசி பயம்தான். ஆனா நீ கதையைத் தப்பா சொல்றே. அது துரத்துனது உன்னை. நீ கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நின்னு அழுதே. நான் குறுக்க பூந்து கத்திக்கிட்டே ஓடுனேன், அது என் பின்னாடி வந்துடுச்சு. நீ கண்ணைத் திறந்தப்போ நான் ஓடறதைத்தான் பாத்தே."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்றார் அண்ணி.

"அழுதுட்டிருந்தவ என்னைப் பாத்து சிரிச்சா. சிரிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

டாக்டர் கண்ணைத் துடைத்து, கையுறையை மாற்றிக்கொண்டு, பஞ்சை எடுத்து ஈறைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக மரத்திருந்தது.

"கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும்ணா. ஆ காட்டு."

ஊசி இறங்கியது. அண்ணன் புருவத்தைச் சுருக்கினார், அவ்வளவுதான்.

"இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?" என்று அண்ணி அவர் கையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அதற்குத்தான் அவர் "ஆ" என்றார்.

பல்லைப் பிடுங்கியதும், அண்ணன் பஞ்சைக் கடித்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அடுத்ததாகத் தையல்காரம்மா.

"என்ன டாக்டர், எனக்குக் கதை கிடையாதா?"

"இல்லாமலா? சின்ன வயசுல ஒரு தடவை என்னை ஒரு வான்கோழி துரத்துச்சு..."

"உங்களையா? உங்க அண்ணனை இல்லையா?"

"என்னைத்தான். எங்கண்ணன் குறுக்க வந்தாரு."

வாய் திறக்க வழியில்லாத அண்ணன், பெஞ்சில் உட்கார்ந்தபடியே பலமாகத் தலையாட்டினார்.