மாத்து கேட்ட தோள்

ஆறு மாதம் கழித்து ஜிம்முக்குத் திரும்பிய அன்று என் கையில் ஒரு பிவிசி குழாயைக் கொடுத்தார்கள். வீட்டுக்குத் தண்ணீர் லைன் இழுப்பார்களே, அதே வெள்ளைக் குழாய். ஒரு கிலோகூட இருக்காது. போன ஆடியில் நூறு கிலோவுக்கு மேல் தூக்கிய நான், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பிளம்பிங் வேலைக்கு வந்தவன் வீடு தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எங்கள் குடும்பம் திருவள்ளூரில் பெருமாளைத் தோளில் சுமக்கிற குடும்பம். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் என்பார்கள். உற்சவ நாட்களில் புறப்பாடு என்றால் பல்லக்கின் தண்டுக்கு அடியில் எங்கள் தோள் இருக்கும். சம்பளத்துக்கு நான் போவது வேறு இடம். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, ஸ்டோர்ஸ் பிரிவு. நாள் முழுவதும் நாற்காலி, கம்ப்யூட்டர், கேன்டீன் சாப்பாடு. நாற்பதைத் தாண்டியதும் தொப்பை எட்டிப் பார்த்தது. ஒரு வருஷம் மாடவீதி சுற்றி வந்து இறக்கியபோது மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. அந்தப் பயத்தில்தான் ஜிம்மில் சேர்ந்தேன். உடம்பைக் காட்டுகிற ஆசையெல்லாம் இல்லை, காட்டுகிற மாதிரி உடம்பும் இல்லை.

தண்டில் எங்களை நிற்க வைப்பது உயரத்தைப் பார்த்து. ஒரு விரல்கடை கூடினாலும் குறைந்தாலும் பாரம் ஒருவன் தலையில் விடியும். நான் வலது தண்டில் கடைசி ஆள். எனக்கு நேராக இடது தண்டில் என் உயரத்துக்கே இன்னொருவர் உண்டு, என்னைவிட நாலு வயது மூத்தவர். சென்னையில் பேங்க் உத்தியோகம், தினமும் மின்சார ரயில். அவரை நான் எதிர்த்தோள் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இருபது வருஷமாக அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தூக்கினவன் நடுவில் விடக்கூடாது. மாடவீதி முனைகளில் முன்னால் போகிறவர் கையைக் காட்டுவார், அப்போது வேண்டியவர்களுக்கு ஆள் மாற்றுவார்கள். இதைத்தான் மாத்து என்பது. ஆனால் மாத்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், வாயைத் திறந்து கேட்கக்கூடாது. கேட்டவனுக்கு அன்று பிரசாதம் கொடுக்கும்போது, "இவனுக்கு ரெண்டு தொன்னை கூடப் போடுங்கோ, பாவம், துவண்டு போயிட்டான்" என்று கேலி நடக்கும். அடுத்த உற்சவம் வரை அது தொடரும். என் அப்பா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதில் எனக்கு மகா திமிர் உண்டு.

அந்தத் திமிர்தான் என் டிஸ்க்கைப் பிதுக்கியது. ஆடி மாதத்து ஒரு சாயங்காலம், தரையிலிருந்து எடைவட்டு மாட்டிய இரும்புப் பாரைத் தூக்கி நிமிர்கிற பயிற்சி. இரண்டு தடவை நன்றாக வந்தது. மூன்றாவது தடவை, பார் முழங்காலைத் தாண்டும்போது, இடுப்பில் சுருக்கென்றது. ஜிம்மில் எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் கையை விட்டுவிடுவான். அதற்காகத்தான் ரப்பர் தரை, ரப்பர் வட்டு. நான் விடவில்லை. விட வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெருமாளை இறக்குகிற மாதிரி, சத்தம் வராமல், மெதுவாக, முதுகு வளைய வளைய இறக்கினேன். பார் தரையைத் தொட்டபோது நானும் தொட்டேன். அதற்கப்புறம் என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், படுக்கையும் மாத்திரையும், பிறகு பிசியோதெரபி என்றார். இடது கால் பாதம் வரை வலி மின்சாரம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் நான் கேட்டது, "சித்திரை உற்சவத்துல பெருமாளைத் தோள்ல ஏளப் பண்ண முடியுமா சார்?"

"முதல்ல நீங்க எழுந்து பாத்ரூம் வரைக்கும் போங்க. அப்புறம் பெருமாளைப் பாக்கலாம்" என்றார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் என்னால் குனிய முடியவில்லை. கம்பெனிக்கு பாதுகாப்பு ஷூ போட்டுத்தான் போக வேண்டும், அதற்கு லேஸ் கட்ட வேண்டும். விடிகாலை ஐந்தரைக்கு, வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, என் மனைவி தரையில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிவிட்டு லேஸ் கட்டினாள். பால்காரர் பார்ப்பார், எதிர் வீட்டுக்காரர் பார்ப்பார். எனக்கு மானம் போகும். காலை இழுப்பேன்.

"காலை ஆட்டாதீங்கோ. பஸ் வந்துடும்" என்பாள். அமாவாசைக்கு அமாவாசை கோயில் குளத்தில், வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று எனக்காக வெல்லம் கரைத்தாள். அதே கையோடு பிசியோதெரபிஸ்டுக்கு ஃபோன் செய்து நேரமும் வாங்கினாள். எனக்கு முதுகு தேறியதற்கு எது காரணம் என்று அவளிடம் ஒரு நாளும் விவாதிக்க மாட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் யாரும் சொல்லாமலே முன் சீட்டை எனக்கு விட்டார்கள். ஊத்துக்கோட்டை வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் டிரைவர் குரல் கொடுப்பார்: "சாமி, மேடு வருது, எயுந்துக்கோங்க." நான் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பேன். பஸ் ஏறி இறங்கும். உட்காருவேன். கம்பெனி சுவரில், குனிந்து பாரம் தூக்காதே என்று படம் போட்ட போஸ்டர் ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக் கமிட்டி சார்பில் அதை ஒட்டியதே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஸ்டோர்ஸில் ஒருவர்கூட என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நியாயம்தான்.

தை பிறந்ததும், படிப்படியாக வலுப் பயிற்சி செய்யலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு ஜிம்முக்குப் போனேன். அங்கே இப்போது புதிதாக ஒரு பெண் பயிற்சியாளர். கடம்பத்தூர் பக்கம் நெல் விவசாயக் குடும்பம், காலேஜில் பளு தூக்கிப் பதக்கம் வாங்கியவர், முப்பது வயது இருக்கும். சீட்டைப் படித்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அத்த கீழ வுட்டுட்டு இருந்தீங்கன்னா இவ்ளோ ஆயிருக்காது சாமி. எதுக்கு புட்ச்சிக்கினே இருந்தீங்க?"

"பழக்கம்" என்றேன். பல்லக்கைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ மொதல்ல தூக்க கத்துத் தர மாட்டேன். கீழ போட கத்துத் தரேன்" என்றார்.

அப்போதுதான் கைக்கு அந்தக் குழாய் வந்தது. நின்றபடியே இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும், அவர் கைதட்டினால் விட்டுவிட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எனக்கு விரல் திறக்கவில்லை. அவர் தட்டுவார், நான் பிடித்துக்கொண்டே இருப்பேன். நாலாவது நாள் ஒருவழியாக விட்டேன். குழாய் தரையில் விழுந்து துள்ளி என் கால்மேல் பட்டது. என்னை அறியாமல் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சாமி, அது பைப்பு" என்றார் அந்தப் பெண். இந்த முறை சிரித்துவிட்டார். ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் குனிந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அழுதேன். மறுநாள் காலை லேஸை நானே கட்டினேன். அவள் கதவோரம் நின்று, முடிச்சு சரியாக விழுகிறதா என்று பார்த்தாள்.

குழாய்க்குப் பிறகு வெறும் பார், பிறகு பக்கத்துக்கு ஐந்து கிலோ, பிறகு பத்து. அந்தப் பெண்ணுக்கு இன்னொரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் நானே வாய்விட்டுப் "போதும்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் எடை கூட்ட மாட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போவேன். "வலி வந்தப்புறம் சொன்னா பேஜாரு சாமி. வரதுக்கு மின்ன சொல்லணும். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது" என்பார். உண்மைதான். சுருக்கென்பதற்கு முன்னால் இடுப்பில் ஒரு சூடு பரவும். ஆடி மாதமும் அது பரவியிருக்கும். நான்தான் காது கொடுக்கவில்லை.

பங்குனியில் எதிர்த்தோள்காரர் வீட்டுக்கு வந்தார். புரட்டாசி, மார்கழிப் புறப்பாடுகளில் என் இடத்தில் நின்றவர் என்னைவிடக் குட்டை. துண்டை இரண்டாக மடித்துத் தோளில் போட்டு உயரத்தை ஈடுகட்டினாராம். "நிரந்தரமா வேற ஆள் போட்டுடலாம்னு பேச்சு வந்தது. சித்திரை வரைக்கும் பாப்போம்னு சொல்லியிருக்கேன். வந்துடுவியோல்லியோ?" என்றார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் இடுப்பையே பார்த்தார்.

"வந்துடறேன் அண்ணா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் உதறல்தான். ஒரு வீதியாவது நடக்க முடிந்தால் என் இடம் நிற்கும். நடுவில் துவண்டு பெருமாள் சாய்ந்தால் என் இடம் மட்டுமா போகும்? அந்தத் தண்டில் நிற்கிற எவன் முகத்திலும் விழிக்க முடியாது.

சித்திரை உற்சவத்தில் ஒரு காலைப் புறப்பாடு. நாதஸ்வரம் தொடங்கியது. தண்டுக்கடியில் தோளை வைத்தேன். முழங்காலை மடக்கி, வயிற்றை இறுக்கி, அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி எழுந்தேன். பாரம் வந்து உட்கார்ந்தது. இடது பக்கம் எதிர்த்தோள்காரர் மூச்சு கேட்டது. முதல் வீதி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் நான்காவதையும் முடித்துவிட்டு இன்னொரு சுற்றுக்கும் போவேன் போலிருந்தது.

மூன்றாவது வீதியின் நடுவில் இடுப்பில் அந்தச் சூடு பரவியது. வலி இல்லை, சூடு மட்டும். முனைக்கு இன்னும் பாதி வீதி இருந்தது. நடந்துவிடலாம் என்றுதான் பழைய புத்தி சொன்னது. இருபது வருஷம் கேட்காத வாய், அப்பாவும் கேட்காத வாய். ஐந்தாறு அடி நடந்தேன். போதும், போதும் என்று உள்ளே சொல்லிப் பார்த்தேன்.

"மாத்து" என்றேன்.

நாதஸ்வரச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு தோள் என் தோளை ஒட்டி உள்ளே வந்தது. அந்தக் குட்டை மனிதர்தான். மடித்த துண்டு ஏற்கெனவே அவர் தோளில் இருந்தது. கோயில் வாசலிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு, என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். பாரம் என்மீதிருந்து நழுவி அவர்மேல் போனது. பல்லக்கு இம்மி அசையவில்லை.

நான் ஒதுங்கி நிற்கிறேன், இடது பக்கத்திலிருந்து இன்னொரு குரல். "எனக்கும் மாத்து."

எதிர்த்தோள்காரர். அவர் இடத்துக்கும் ஒருவர் போனார். அவர் வெளியே வந்து தோளைத் தேய்த்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். கேலி செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பத்து வருஷமா மூணாவது வீதி வந்தா எனக்குக் கழுத்துல வலி இறங்கும்டா" என்றார். "நீ கேக்கலையேன்னு நானும் கேக்கலை."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு இத்தனை வருஷம் வலித்ததற்கு நான் ஒரு காரணம். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, இறக்கி வைத்தார், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனோம். கடைசி ஆளாகத் தண்டுக்கடியில் நடக்கிறவனுக்குப் பல்லக்கின் பின்பக்கமும் முன்னால் போகிறவன் முதுகும்தான் தெரியும். இருபது வருஷத்தில் அன்றுதான் வீதியில் பெருமாள் எதிரே வருவதைப் பார்த்தேன். காலை வெயில் முகத்தில் விழ, மாலை லேசாக ஆட, வந்துகொண்டிருந்தார். எதிர்த்தோள்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொண்டேன்.

நான்காவது வீதி தொடங்குகிற முனையில் இடுப்புச் சூடு தணிந்திருந்தது. நான் பின்னால் போய், குட்டை மனிதரின் முதுகைத் தொட்டு, அவர் கேட்பதற்கு முன்னால் என் தோளைக் கொடுத்தேன்.