முதலிடம் வந்த அணியும் நாலாம் பக்கமும்

நண்டு வலைக்காரரை வைத்து ஓர் உதைபந்தாட்ட அணியை நடத்துவதென்றால் பயிற்சி நேரத்தைக் காற்றும் கடலும்தான் தீர்மானிக்கும். அன்ரனிதாஸ் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் நடத்திவருகிறார். வயது ஐம்பத்துநான்கு; ஊர்காவற்றுறைக்குத் தெற்கே கரையோரக் கிராமம். பின்னேரம் இரண்டு மணிக்கு வலையைப் போட்டுவிட்டு வந்தால், விடியப்புறம் போய் இழுக்கும்வரை கடலில் வேலை இல்லை. நாலு மணிக்கு மைதானத்துக்கு வரலாம். அப்படி வருகிறவர்கள்தான் நங்கூரம் விளையாட்டுக் கழகத்தின் இரண்டாம் அணி.

முதல் அணியில் யாழ்ப்பாணத்தில் படிக்கிற, வேலை பார்க்கிற பெடியள். அதன் பயிற்றுநர் கிளின்ரன், அன்ரனிதாசின் சித்தப்பா மகன்.

“அண்ணை, உங்கட ஆக்கள் தொட்ட பந்து கழுவினாலும் நாறுது” என்பான் கிளின்ரன்.

“நாறினாலும் அது கோலுக்குள்ளை போகுதடா. உங்கட பந்து வாசமா வெளியிலை போகுது.”

இந்த வருடம் அது வெறும் பகிடியாக இருக்கவில்லை. தீவக லீக்கின் இரண்டாம் பிரிவில், பத்துப் போட்டியில் எட்டை வென்று, அன்ரனிதாசின் அணி முதலிடத்தில் முடித்தது. முன்வரிசையில் விளையாடிய றெக்ஷன் மட்டும் பதினொரு கோல். முதலாவதாக வருகிற அணி மேற்பிரிவுக்கு ஏறும், கடைசியாக வருகிற அணி கீழே இறங்கும். அன்ரனிதாசுக்கு விளங்கிய சட்டம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் லீக் செயலாளர் சசிகரன் வேலணையிலிருந்து அழைத்தான்.

“அண்ணை, வாழ்த்துக்கள். ஆனா நீங்கள் மேலை ஏற ஏலாது.”

“ஏனாம்?”

“உங்கட கழகத்தின்ரை முதல் அணி மேலை நிக்குது. ஒரு கழகத்தின்ரை இரண்டு அணி ஒரே பிரிவிலை நிக்க ஏலாது. இன்னொண்டும் இருக்கு. அவை வாற சனிக்கிழமை தோத்தா கடைசியா வந்து உங்கட பிரிவுக்கு இறங்குவினம். அப்ப நீங்கள் மூண்டாம் பிரிவுக்கு இறங்கவேணும்.”

“முதலாவதா வந்தவனைக் கீழை இறக்கிறதோ? உமக்கென்ன விசரோ தம்பி?”

“நான் சொல்லேல்லை அண்ணை, சட்டத்திலை நாலாம் பக்கம் சொல்லுது. ஸ்பெயினிலை அப்பிடித்தான். நீங்களும் கை உயர்த்தினனீங்கள்.”

அது உண்மை. நாலு வருடமாக யார் ஏறுவது, யார் இறங்குவது என்று குழு கூடிக் கத்தித்தான் தீர்த்தது. அலுத்துப்போய், கடந்த ஜனவரியில் ஸ்பெயினைப் பார்த்து எழுத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். சசிகரன் ஒவ்வொரு பக்கமாக வாசித்தான். மூன்றாம் பக்கம் வாசிக்கும்போது வாடைக்காற்று தணிய, “எனக்கு எல்லாத்துக்கும் ஓம்” என்று கையை உயர்த்திவிட்டு வள்ளத்துக்கு ஓடியவர் அன்ரனிதாஸ்.

மூன்றாம் பிரிவு என்றால் வெட்கம் மட்டுமல்ல. பின்னேர மைதானம் மேல் இரண்டு பிரிவுகளுக்குத்தான். மூன்றாம் பிரிவுப் போட்டிகள் காலை ஏழு மணிக்கு. அந்த நேரம் நண்டு வலைக்காரர் கரையில் குந்தியிருந்து, வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கீழே இறங்கினால் அணி ஒரு மாதம்கூட நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி மேரிஜோசப்பினின் தம்பி வின்சன்ற் ஜேர்மனியிலிருந்து வழமைபோல அழைத்தான். அன்ரனிதாஸ் சுகம் விசாரிக்கவும் மறந்தார்.

“வின்சன்ற், உங்கை இரண்டாம் அணிக்கு என்ன சட்டம்?”

“இங்கை இரண்டாம் அணி மூண்டாம் பிரிவுக்கு மேலை ஏறவே ஏலாது அத்தான்.”

“இங்கிலாந்திலை?”

“பெரிய லீக்குகளிலை இரண்டாம் அணிக்கு இடமே இல்லை.”

“அப்ப ஸ்பெயின்காரன் எவ்வளவோ நல்லவன்” என்றார் மேரிஜோசப்பின், குசினிக்குள் இருந்தபடி.

வின்சன்ற் விடாமல் நாடு நாடாகத் தேடினான். ஸ்கொட்லாந்தில் முப்பத்துமூன்று போட்டி முடிய அட்டவணையை நடுவால் வெட்டுவார்களாம். கீழ்ப் பாதிக்குப் போனவன் அதன்பிறகு எவ்வளவு புள்ளி எடுத்தாலும் ஏழாம் இடத்துக்கு மேல் வரமாட்டானாம். அன்ரனிதாசுக்கு அது பிடிக்கவில்லை. ஆர்ஜென்ரீனாவில் மூன்று வருடப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, அதில் குறைந்தவனை இறக்குவார்கள் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். முதல் அணி கடந்த இரண்டு வருடமும் நன்றாக விளையாடியது. சராசரி பார்த்தால் தப்பிவிடும். தாளில் கூட்டிப் பிரித்துப் பார்த்தார், தப்பியது.

அந்தத் தாளோடு திங்கட்கிழமை வேலணைக்குப் போனார். சசிகரன் முழுதும் பார்த்தான்.

“கணக்குச் சரி அண்ணை. சீசன் துவங்க முந்தி எந்த நாட்டைக் கொண்டு வந்திருந்தாலும் யோசிச்சிருப்பம். இப்ப ஆர்ஜென்ரீனாவுக்கு மாறினா, இறங்கப்போற மற்ற ஆக்கள் என்னை உயிரோடை விடுவினமே?”

“அப்ப ஸ்பெயின்தானோ?”

“ஸ்பெயின்தான். அவை சனிக்கிழமை தோக்காட்டில் சரி. சமன் எண்டாலே காணும்.”

பன்னிரண்டு வருடமாகக் கிளின்ரனின் அணி தோற்கிற நாளெல்லாம் அன்ரனிதாசின் வீட்டில் தேத்தண்ணி இனித்தது. இப்போது அவர்கள் தோற்கக்கூடாது. அவர்களுடைய முன்வரிசைப் பெடியனோ கால் சுளுக்கிப் படுத்திருந்தான். கிளின்ரன் ஆள் கேட்டு வரமாட்டான். அந்த ரோசம் குடும்பத்துக்கே உள்ளது. செவ்வாய்க்கிழமை அன்ரனிதாஸ்தான் போனார்.

“றெக்ஷனை எடு.”

கிளின்ரன் நம்பவில்லை. “நாலாம் பக்கத்தைக் கடைசிவரை வாசிச்சனீங்களோ அண்ணை? ஒரு மச் எங்களோடை விளையாடினாலும், வாற வருசம் முழுக்க அவன் எங்கட ஆள். திருப்பித் தர ஏலாது.”

“வாசிச்சனான். மூண்டு தரம் வாசிச்சனான்.”

றெக்ஷனைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

“நான் போகேல்லை தாஸ் அண்ணை. அவையள் என்னை நண்டெண்டு கூப்பிடுறவை.”

“கோல் அடிச்சா சேர் எண்டு கூப்பிடுவினம். நீ போகாட்டில் எங்களுக்கு அடுத்த வருசம் ரீம் இல்லை. போனா ரீம் இருக்கும், நீ இருக்கமாட்டாய். எனக்கு ரெண்டும் விருப்பமில்லை. ஆனா நீ போனா மிச்சப் பத்துப் பேராவது விளையாடுவினம்.”

சனிக்கிழமை எதிரணி காரைநகர். இருபதாம் நிமிடத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகும் நங்கூரத்துப் பெடியள் றெக்ஷனுக்குப் பந்தைக் கொடுக்காமல் தங்களுக்குள் விளையாடினார்கள். எல்லைக்கோட்டில் நின்ற அன்ரனிதாசுக்குப் பொறுக்கவில்லை. “அந்தக் கறுவலுக்குக் குடுங்கோடா! உங்கட கொப்பன்மாரின்ரை வலையையே கேக்கிறன்?” என்று கத்தினார். கிளின்ரனும் அதையே கத்தினான். எழுபத்திரண்டாம் நிமிடத்தில் இடதுபுறமிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. றெக்ஷன் இரண்டு பேருக்கு மேலால் எழும்பித் தலையால் இறக்கினான். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு வந்த பதினெட்டு நிமிடத்தில் அன்ரனிதாஸ் நாலு தடவை நேரம் கேட்டார்.

விசில் ஊதியது. முதல் அணி இறங்கவில்லை. ஆகவே இரண்டாம் அணியும் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. இரண்டாவதாக வந்த எழுவைதீவுக்காரர் மேலே போவார்கள். கிண்ணம் மட்டும் அன்ரனிதாசுக்கு.

கிளின்ரனின் பெடியள் றெக்ஷனைத் தோளில் தூக்கினார்கள். அவன் அங்கிருந்து எல்லைக்கோட்டுப் பக்கம் பார்த்தான். அன்ரனிதாஸ் கையைக் காட்டினார், ‘அங்கேயே நில்’ என்பதுபோல. கிளின்ரன் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“ஒண்டும் சொல்லாதை. அவனுக்குப் பந்தைக் குடுக்கச் சொல்லு, அது காணும்.”

பிறகு தன் ஆட்களிடம் திரும்பினார். பத்துப் பேரும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

“செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பிரக்ரிஸ். முன்னுக்கு ஓட ஒரு ஆள் பாக்கவேணும். உங்களிலை ஆருக்குத் தலையாலை அடிக்கத் தெரியும்?”

ஒருவரும் கை உயர்த்தவில்லை.